டெக்கிலா பீப்பாயில் ஊறிய ஏலில் டெக்கிலா எங்கே போனது?

கேள்வி இதுதான்: டெக்கிலா பீப்பாயில் ஒன்பது மாதம் ஊறிய, 12% ஆல்கஹால் உள்ள ஸ்ட்ராங் ஏல் (பலமான பீர் வகை) ஒன்றைத் திறந்திருக்கிறீர்கள். முதல் மடக்கில் நெடிதான் மூக்கில் ஏறியது. அப்புறம் வெனிலா, லேசாகத் தேங்காய். டெக்கிலா என்று விரல் வைத்துச் சொல்லும்படி எதுவும் தெரியவில்லை. பாட்டிலில் கோளாறா, உங்கள் நாக்கில் கோளாறா, இல்லை இந்த வகை ஏலைச் சுவைக்கத் தனி முறை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் நாக்கு நன்றாகவே வேலை செய்கிறது. வெனிலாவும் தேங்காயும் தெரிந்தது என்கிறீர்களே, அது அந்தப் பீப்பாய் டெக்கிலாவைப் பார்ப்பதற்கு முன்பு வாழ்ந்த வாழ்க்கை. அதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

டெக்கிலாவுக்கென்றே செய்த பீப்பாய் அபூர்வம். பர்பன் விஸ்கியைப் புத்தம் புதிய, உள்பக்கம் தீயில் கரித்த ஓக் கலத்தில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒரு தடவை பர்பன் இருந்த பீப்பாயில் மறுபடி பர்பனை ஊற்றி முதிர வைக்க முடியாது. அதனால் சுமார் 200 லிட்டர் கொள்ளும் நல்ல பீப்பாய்கள் ஓயாமல் காலியாகிக்கொண்டே இருக்கின்றன. அவை ஸ்காட்லாந்துக்கு விஸ்கிக்காகப் போகும், கரீபியத் தீவுகளுக்கு ரம்முக்காகப் போகும், மெக்சிகோவுக்கு டெக்கிலாவுக்காகப் போகும். டெக்கிலாவில் ரெபொசாடோ என்ற வகைக்கு ஓக்கில் குறைந்தது 2 மாதம் போதும். அன்யெஹோ என்றால் 600 லிட்டருக்கு மேற்படாத பீப்பாயில் குறைந்தது ஓர் ஆண்டு. ஆக, உங்கள் ஏல் பெரும்பாலும் அந்தப் பீப்பாய்க்குள் மூன்றாவது குடித்தனம். முதலில் பல ஆண்டுகள் பர்பன் இருந்தது. நடுவில் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ டெக்கிலா இருந்தது. கடைசியாக வந்தது ஏல். நீண்ட நாள் இருந்தவரின் வாசனை சுவரில் நிற்பது இயல்புதானே.

இந்தக் கதை எல்லா விசித்திரப் பீப்பாய்களுக்கும் முக்கியம். பாட்டிலில் போட்டிருக்கும் சாராயத்தின் பெயர், அந்தப் பீப்பாயில் கடைசியாக இருந்தவரின் பெயர் மட்டும்தான். (சாராயம் என்று நான் இங்கே சொல்வது காய்ச்சி வடித்த எல்லா மதுவையும் சேர்த்து.) கோப்பையில் வருவது நான்கு பேர் சேர்ந்து கொடுத்தது: ஏல், மரம், சாராயம், காற்று. ஒரு வாசனை வந்தவுடன் இது யார் கொடுத்தது என்று கேட்கப் பழகிவிட்டால் போதும், இந்த ஏல்கள் திடீரென்று வாய் திறந்து பேச ஆரம்பித்துவிடும்.

மரத்தில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதைத்தான் ஆட்கள் அதிகம் சாராயத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஓக் மரத்தின் கட்டமைப்பில் இருக்கும் லிக்னின் சூட்டில் உடையும்போது வெனிலின் வருகிறது. வெனிலாவின் மணம் அதேதான். செல்லுலோஸின் தம்பியான ஹெமிசெல்லுலோஸ் சூட்டில் கருகிச் சர்க்கரைப் பாகு, வறுத்த பாதாம் மாதிரியான மணங்களைத் தருகிறது. கிராம்பு வாசனைக்கு யூஜினால், புகை வாசனைக்குக் குவாயகால். தேங்காய் மணத்துக்குக் காரணம் ஓக் லாக்டோன் என்ற பொருள். இது அமெரிக்க வெள்ளை ஓக்கில் அதிகம், ஐரோப்பிய ஓக்கில் குறைவு. அதனால்தான் தேங்காய் வந்தவுடன் எனக்குப் பர்பன் பீப்பாய் என்ற எண்ணம் வந்துவிடும். ஐரோப்பிய ஓக்கில், குறிப்பாகக் காக்னாக் பிராந்தி முதிரும் லிமூசான் ஓக்கில், துவர்ப்பு முன்னால் நிற்கும். கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிப்பது போல இருந்தால் அது மரத்தின் டானின், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பு இல்லை. கசப்பு நாக்கின் பின்பக்கம் தங்கும். துவர்ப்பு ஈறிலும் கன்னத்திலும் பிடிக்கும். இந்த வித்தியாசத்தை ஒரு வாரம் கவனித்துப் பழகினால் பிறகு மறக்காது.

சாராயம் வேறு வழியில் வருகிறது. பீப்பாயைக் காலி செய்த பிறகும் பலகைகளுக்குள் பல லிட்டர் சாராயம் ஊறிக் கிடக்கும். ஏலை ஊற்றியதும் அது முதல் சில வாரங்களிலேயே வெளியே வந்து கலந்துவிடுகிறது. 10% ஏல் பீப்பாயை விட்டு வரும்போது 11 அல்லது 12% ஆகியிருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். மரத்தின் மணங்கள் இறங்க மாதங்கள் ஆகும். காற்றின் வேலை இன்னும் மெதுவானது. பலகை வழியாகவும் இடுக்குகள் வழியாகவும் துளித்துளியாக ஆக்சிஜன் உள்ளே போய், மால்ட்டின் (முளைகட்டிய தானியத்தின்) இனிப்பை உலர்ந்த திராட்சை, பேரீச்சம்பழம், ஷெர்ரி (ஸ்பானிய வைன்) என்று மாற்றிக்கொண்டே இருக்கும். அளவு மீறினால் அதே காற்று நனைந்த அட்டை வாசனையையும் கொண்டுவரும். ஆக, குறுகிய காலம் ஊறிய ஏலில் சாராயம் தூக்கலாகவும் மரம் மெலிவாகவும் இருக்கும். நீண்ட காலம் ஊறியதில் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று இழைந்திருக்கும். இரண்டாம் முறை நிரப்பிய பீப்பாயில் சாராயம் ஏறக்குறைய காணாமல் போய், மரமும் காற்றும் மட்டும் பேசும்.

சரி, இப்போது கோப்பைக்கு வருவோம். முதல் மடக்கில் நெடிதான் ஏறியது என்றீர்கள். எந்தச் சூட்டில் ஊற்றினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றியிருந்தால் மணங்கள் எல்லாம் அடங்கிப் போய், துவர்ப்பும் கசப்பும் ஆல்கஹாலின் எரிப்பும் மட்டும் தனித்து நின்றிருக்கும். அறைச்சூட்டில், அதுவும் வெக்கையான அறையில் வைத்து ஊற்றியிருந்தால் ஆல்கஹால் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்திருக்கும். 12 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை எனக்கு ஒத்துவருகிறது. நான் செய்வது: 10 டிகிரியில் ஊற்றிவிட்டு, முக்கால் மணி நேரத்துக்கு அதைத் தானாகச் சூடேற விடுவது. ஒரே கோப்பை அந்த நேரத்துக்குள் மூன்று நான்கு முகம் காட்டும். அவசரப்படுகிறவர்களுக்கு அதில் ஒன்றுதான் கிடைக்கும்.

கோப்பை, அடி அகன்று வாய் குறுகியதாக இருக்கட்டும். பிராந்திக் கோப்பையோ வைன் கோப்பையோ போதும். 100 மி.லி. ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 12% உள்ள 330 மி.லி. பாட்டிலில் கிட்டத்தட்ட 40 மி.லி. சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 40% சாராயமாகச் சொன்னால் அது 100 மி.லி. அதாவது, அதே அளவுள்ள சாதாரண 5% பீர் கிட்டத்தட்ட இரண்டரை பாட்டில் குடித்ததற்குச் சமம். ஒரு பாட்டிலை மூன்று பேர் பங்கிட்டுக்கொள்வதுதான் இதற்கு அழகு. மூன்றாவது கோப்பையில் யார் நாக்கும் உண்மை சொல்லாது.

ஊற்றியதும் கோப்பையைச் சுழற்றாதீர்கள். வைனுக்குச் செய்கிற பழக்கத்தில் சுழற்றினால் ஆல்கஹால்தான் முதலில் கிளம்பும். கோப்பையை மார்பளவில் வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல மேலே கொண்டுவாருங்கள். தூரத்திலேயே எட்டும் மணங்கள் இலேசானவை: பழம், பூ, சாராயத்தின் எஸ்டர்கள் (பழ மணம் தரும் பொருள்கள்). விளிம்பில் மூக்கை வைக்கும்போதுதான் மால்ட்டும் மரமும் வரும். மூக்கை உள்ளே நுழைத்தால் நெடி. அந்த மூன்றாவது இடத்தில் மட்டும் முகர்ந்துவிட்டு, சாராயம்தான் அடிக்கிறது என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் நிறைய. வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு முகர்ந்தால் நெடி குத்துவது குறையும்.

முதல் வாயை எதற்கும் கணக்கில் எடுக்க வேண்டாம். அது நாக்கைப் பழக்குவதற்கு. மிளகாயின் காரத்தை உணர்கிற அதே ஏற்பியைத்தான் ஆல்கஹாலும் தூண்டிவிடுகிறது, அதனால் முதல் வாய் எப்போதும் எரிப்பாகவே இருக்கும். இரண்டாவது வாயைச் சின்னதாக எடுத்து, நாக்கு முழுக்கப் பரவ விட்டு, விழுங்கிய பின் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பீப்பாயின் கதை அந்த வெளிமூச்சில்தான் இருக்கிறது. முன்னால் மூக்குக்குத் தெரியாத எத்தனையோ விஷயங்கள் தொண்டைப் பின்வழியாகப் போய் அங்கே தெரியும். டெக்கிலாவின் மூலப்பொருளான அகாவேயின் (கற்றாழை போன்ற ஒரு செடி) மணம் எனக்குப் பெரும்பாலும் அங்கேதான் கிடைத்திருக்கிறது: வேகவைத்த கிழங்கின் இனிப்பு, அதற்குப் பின்னால் பச்சையாக ஒரு மிளகு வாசம். வந்த வேகத்தில் போய்விடும்.

நீங்கள் வாங்கியது கருநிற இம்பீரியல் ஸ்டௌட்டாக இருந்தால் அகாவேயைத் தேடுவது இன்னும் கடினம். கருக வறுத்த மால்ட்டின் காப்பி, சாக்லேட் வாசனைகள் அந்த மெல்லிய பச்சை மணத்தை அப்படியே மூடிவிடும். டெக்கிலாவுக்கு வெளிர்நிறப் பார்லி வைன்தான் (பெயரில்தான் வைன், இதுவும் பலமான ஏல்) சரியான துணை என்பது என் தீர்மானமான கருத்து. டெக்கிலாவின் உறவான மெஸ்கல் என்றால் கதை வேறு. அகாவேயை மண்ணுக்குள் குழி வெட்டி, சூடேற்றிய கற்களோடு புதைத்து வேகவைப்பதால் வரும் புகை, ஸ்டௌட்டின் கருகலோடு கைகோத்துக்கொள்ளும்.

எந்தச் சாராயம் எந்த ஏலோடு சேரும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஏலின் இரண்டு பாட்டில்கள். மான்செஸ்டரில் ஜே.டபிள்யூ. லீஸ் என்ற பழைய மதுவடிப்பகம் இருக்கிறது, 1828இல் தொடங்கியது. 1986 முதல் அவர்கள் ஹார்வெஸ்ட் ஏல் என்ற 11.5% பார்லி வைனைச் செய்துவருகிறார்கள். மாரிஸ் ஆட்டர் பார்லி, ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸ், அவ்வளவுதான். அதையே கால்வடோஸ் (ஆப்பிள் பிராந்தி), லகவூலின் விஸ்கி, போர்ட் வைன், ஷெர்ரி என்று வெவ்வேறு பீப்பாய்களிலும் ஊற வைத்து வெளியிட்டார்கள். ஏல் ஒன்று, பீப்பாய் மட்டும் வேறு. பாடம் படிக்க இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது.

கால்வடோஸையும் லகவூலினையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி வைத்தேன். இரண்டும் ஒரே நிறம், செம்பு கலந்த பழுப்பு. நுரை இரண்டிலும் பெயருக்குத்தான். லகவூலின் கோப்பையை எடுக்கும் முன்பே மேசையில் புகை வந்துவிட்டது. லகவூலின் போன்ற ஐலா தீவு விஸ்கிக்குப் பார்லியைப் பீட் கரிமண் புகையில் உலர்த்துகிறார்கள். அந்தப் புகையில் உள்ள பீனால் என்ற பொருள்கள் துளி இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். முதல் பத்து நிமிடம் எனக்குப் புகை, அயோடின், தார் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மால்ட்டின் தேன் இனிப்பு அதற்கு அடியில் எங்கோ மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. நல்ல மதுதான், ஆனால் விஸ்கி முன்னால் உட்கார்ந்து, ஏல் பின்வரிசைக்குப் போய்விட்டது.

கால்வடோஸ் கோப்பையில் நடந்தது நேர்மாறு. முகர்ந்தவுடன் ஆப்பிள் வரவில்லை. முதலில் வந்தது ஹார்வெஸ்ட் ஏலின் வழக்கமான முகம்தான்: சர்க்கரைப் பாகு, உலர்ந்த திராட்சை, ஆரஞ்சுத் தோல். சரி, பீப்பாய் ஒன்றும் செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். விழுங்கி மூச்சு விட்டபோது, அடுப்பில் சுட்ட ஆப்பிளின் மணம் தெளிவாக வந்தது. நறுக்கிய பச்சை ஆப்பிள் இல்லை, தோல் சுருங்கும் வரை சுட்டது. அதோடு, கொழகொழப்பான இனிப்பை இழுத்துப் பிடிக்கிற ஒரு மெல்லிய புளிப்பின் சாயலும் வந்தது. பார்லி வைனுக்கு உள்ள ஒரே குறை அதன் திகட்டல். கால்வடோஸ் அந்த இடத்தைத்தான் தொட்டுச் சரிசெய்தது. நார்மண்டியில் ஆப்பிள் சைடரைக் காய்ச்சி வடித்து, குறைந்தது 2 ஆண்டுகள் ஓக்கில் வைத்துச் செய்வது கால்வடோஸ். பெரும்பாலும் பலமுறை பயன்படுத்திய பழைய பீப்பாய்கள்தான். அதனால் மரத்தின் வெனிலா அடங்கியிருக்கிறது, பழம் மட்டும் வருகிறது. அன்றிலிருந்து என் அளவுகோல் ஒன்றுதான்: முதலில் ஏல் தெரிய வேண்டும், அடுத்து மரம், மூன்றாவதாகச் சாராயத்தின் பெயர். நீங்கள் திறந்த பாட்டிலில் டெக்கிலா ஒளிந்திருக்கிறது என்பதை நான் குறையாகப் பார்க்காததற்கும் இதுதான் காரணம்.

அக்வாவிட் பீப்பாய் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், எனக்கு இதன் மேல் தனிப் பிரியம். ஸ்காண்டிநேவியச் சாராயம் இது. கேரவே விதை அல்லது டில் விதையின் மணம் இதில் தூக்கலாக இருக்க வேண்டும் என்பது விதி. கேரவே, நம் சீரகத்தின் பங்காளி. நார்வேயின் லினியே அக்வாவிட்டை ஷெர்ரி பீப்பாயில் அடைத்துக் கப்பலேற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வைத்த பிறகே பாட்டிலில் அடைக்கிறார்கள். ஆக இங்கேயும் பீப்பாயின் முதல் குடித்தனம் ஷெர்ரி. கேரவேயின் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்ற பொருள். அதே மூலக்கூறின் கண்ணாடிப் பிம்பம்தான் ஸ்பியர்மின்ட் புதினாவின் மணம். வலக்கைக்கும் இடக்கைக்கும் உள்ள வித்தியாசம்தான் இரண்டுக்கும், மூக்கு அதைப் பிரித்தறிந்துவிடுகிறது. கோதுமைக்கு உறவான தானியமான ரை சேர்த்த கருநிற ஏலோடு அக்வாவிட் பீப்பாய் சேரும்போது, ரையின் கார்ப்பும் கேரவேயும் எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் பின்னிக்கொள்ளும். ரை ரொட்டியில் கேரவே போட்டுச் சுடுவது அங்கே பழைய வழக்கம், அதனால் இந்தச் சேர்க்கை தற்செயலும் இல்லை.

ஜின் பீப்பாய் எனக்கு அவ்வளவு திருப்தி தந்ததில்லை. ஜின்னைப் பொதுவாக மரத்தில் வைப்பதே இல்லை, வைத்தாலும் சில மாதம்தான். ஜின்னுக்கு மணம் தரும் ஜூனிப்பர் காயின் பைனீன் என்ற பைன் மர மணம் ஹாப்ஸிலும் இருப்பதால், ஹாப்ஸ் தூக்கலான ஏலில் எது ஹாப்ஸ், எது ஜின் என்று பிரிக்க முடியாமல் போகும். ரம் பீப்பாய் தப்பு செய்ய முடியாத தேர்வு. பாகும் பழமும் பழுப்பு ஏலுக்கு இயல்பான சொந்தங்கள். பிஸ்கோ (திராட்சைச் சாராயம்) பீப்பாய் என்று எழுதியிருந்தால் எந்த நாட்டுப் பிஸ்கோ என்று பாருங்கள். பெரு நாட்டு விதிப்படி பிஸ்கோ, சுவை சேர்க்காத கலங்களில்தான் இருக்க வேண்டும், மரத்துக்கு அங்கே இடமே இல்லை. சிலி நாட்டுப் பிஸ்கோ என்றால் மரம் உண்டு.

பிரேசிலின் கஷாசா பீப்பாய் கிடைத்தால் மட்டும் விடாதீர்கள். அங்கே கரும்புச் சாற்றுச் சாராயத்தை ஓக் தவிர உள்ளூர் மரங்களிலும் முதிர வைக்கிறார்கள். அதில் அம்புரானா என்ற மரம் தரும் மணம் வேறு எதிலும் கிடைக்காது: இலவங்கப்பட்டை, வெனிலா, காய்ந்த புல், மூன்றும் சேர்ந்தது. அந்த மரத்தில் கூமாரின் என்ற வாசனைப் பொருள் இருப்பது ஒரு காரணம். ஓக்குக்கே பழகிய மூக்குக்கு, மரம் என்றால் ஓக் என்ற எண்ணம் அங்கே உடையும். ஆனால் கை மீறினால் ஏல் காணாமல் போய், மசாலாப் பெட்டியைத் திறந்தது போல ஆகிவிடும்.

இனி, பாட்டிலில் கோளாறா என்ற உங்கள் கேள்வி. நீங்கள் சொன்ன குறிகளை வைத்துப் பார்த்தால் கோளாறு இல்லை. கோளாறான பீப்பாய் எப்படி இருக்கும் என்பதை நான் ஒருமுறை நன்றாக அனுபவித்திருக்கிறேன். அதுவும் டெக்கிலா பீப்பாய் என்று சொல்லி வந்ததுதான். மூடியைத் திறந்ததும் முகர்ந்தால் சுகமான மணம். வாயில் வைத்ததும் தொண்டையின் அடியில் ஒரு காறல், பிறகு நெயில் பாலிஷ் அழிப்பான் மாதிரி ஒரு வீச்சம், கடைசியில் வெறும் வினிகர். காலியான பீப்பாயைச் சாராய ஈரம் காயும் வரை போட்டு வைத்தால் பலகைகள் சுருங்கி இடுக்கு விடும். அந்த இடுக்கு வழியாகக் காற்று தாராளமாகப் போனால் அசிட்டிக் பாக்டீரியாவுக்கு விருந்து. காய்ந்த பலகையில் பூஞ்சை பிடித்தால் ஈர மண்ணின் வாடை வரும். ஈரத்தோடு, சாராயம் வடித்த கையோடு வந்து சேர்ந்த பீப்பாய்க்குத்தான் மதிப்பு. அந்த ஆல்கஹாலே கிருமிகளை ஓரளவு அண்ட விடாது.

புளிப்பு வந்தாலே கெட்டுவிட்டது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆங்கிலேயரின் பழைய ஸ்டாக் ஏல்கள் மரத்தொட்டியில் மாதக்கணக்கில் கிடந்து, இலேசான புளிப்பும் தோல் மணமும் ஏறித்தான் வெளியே வந்தன. அந்த மணத்துக்குக் காரணமான ஈஸ்டை 1904இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தின் நீல்ஸ் ஹெல்டே கிளாசன் அடையாளம் காட்டினார். ஆங்கில ஏலில் கிடைத்ததால் பிரிட்டன் பூஞ்சை என்ற பொருளில் அதற்கு பிரெட்டனோமைசஸ் என்று பெயர் வைத்தார். குதிரைச் சேணம், பழந்தோல், லேசான புகை என்று வந்தால் அது அந்த ஈஸ்ட். அளவோடு இருந்தால் பழைய ஏலுக்கு அது நகை மாதிரி.

அந்தக் காலத்து ஆங்கில மதுவடிப்பாளர்கள் மரத்தின் சுவை ஏலில் இறங்கவே கூடாது என்று பார்த்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பால்டிக் கரையிலிருந்து வந்த மெமல் ஓக்கைத் தேடி வாங்கினார்கள், ஏனென்றால் அது வாசனை சேர்க்காது. அமெரிக்க ஓக் வேண்டாம் என்றார்கள். அதே அமெரிக்க ஓக்கின் வெனிலாவுக்காக, 1990களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் மதுவடிப்பகம் இம்பீரியல் ஸ்டௌட்டைப் பர்பன் பீப்பாயில் ஊற்றிப் புது வழி திறந்தது. 2003இல் எடின்பரோவில் பிறந்த இன்னிஸ் அண்ட் கன் என்ற பீர் நிறுவனத்தின் கதை இன்னும் சுவையானது. ஒரு விஸ்கி நிறுவனம், தன் விஸ்கிக்கு ஏல் மணம் ஏற வேண்டும் என்று பீப்பாய்களில் ஏலை ஊற்றி ஊற வைத்தது. விஸ்கிக்காகச் செய்த காரியத்தில், கொட்டப்பட வேண்டிய ஏல்தான் ருசியாக இருந்தது என்று கண்டுபிடித்தார்கள். 2007இல் ஹார்வீஸ்டன் மதுவடிப்பகம், ஹைலண்ட் பார்க் விஸ்கி முதிர்ந்த பீப்பாய்களில் ஓலா டூ என்ற கருநிற ஏலை ஊற வைத்து, பீப்பாயில் இருந்த விஸ்கியின் வயதையும் பாட்டிலில் போட்டது. பீப்பாயின் வரலாற்றை இப்படி வெளிப்படையாக எழுதுவது எல்லாரும் பின்பற்ற வேண்டிய நல்ல வழக்கம். உங்கள் பாட்டிலில் ரெபொசாடோவா அன்யெஹோவா என்று போட்டிருந்தால் பாதிப் பதில் அங்கேயே கிடைத்திருக்கும்.

உங்கள் கையில் இன்னொரு பாட்டில் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அதே மதுவடிப்பகம் பீப்பாயில் வைக்காமல் வெளியிட்ட அதே ஏல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அதே வகை, அதே பலம் உள்ள வேறொன்று. அதை 100 மி.லி. ஊற்றி, 40% ரெபொசாடோ டெக்கிலாவை மூன்றரை மி.லி. அளவுக்குச் சேருங்கள். 10% ஏல் அதனால் 11% ஆகும், பீப்பாய் கொடுப்பதும் ஏறக்குறைய இந்த அளவுதான். இப்போது இதையும் பீப்பாய் ஏலையும் மாறி மாறிச் சுவையுங்கள். டெக்கிலா எப்படி இருக்கும் என்று கலந்த கோப்பை காட்டிவிடும். நாக்கு அதைப் பிடித்துக்கொண்ட பிறகு பீப்பாய் ஏலுக்குத் திரும்பினால், முன்பு ஒளிந்திருந்த அகாவே கைதூக்கிக் காட்டும். இரண்டுக்கும் நடுவே மிச்சமிருக்கும் வித்தியாசம்தான் மரமும் காற்றும் செய்த வேலை. கலந்த கோப்பையில் டெக்கிலா மேலாக மிதப்பது போல இருக்கும். பீப்பாய் ஏலில் அது உள்ளே கரைந்திருக்கும். இதை யாரும் உங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது, வாயில் வைத்தால் ஒரு நொடியில் புரியும்.

யாராவது கூட இருந்தால் மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒன்றையும், மூன்றாவதில் மற்றதையும் ஊற்றித் தரச் சொல்லுங்கள். எது வேறு என்று பார்க்காமல் கண்டுபிடிக்க வேண்டும். பாட்டிலில் உள்ள பெயரைப் படித்துவிட்டால் நம் மூக்கு அந்தப் பெயரைத் தேடி அலையும், இல்லாததையும் இருப்பதாகச் சொல்லும். எனக்கே எத்தனையோ முறை நடந்திருக்கிறது.

வைத்துக் குடிக்கலாமா என்று கேட்பீர்கள். இந்தப் பலத்தில் உள்ள ஏலைச் சில ஆண்டுகள் வைக்கலாம். நிற்க வைத்து, இருட்டில், 12 டிகிரி அளவில். ஹாப்ஸின் கசப்பு குறையும், உலர்பழம் கூடும். ஆனால் டெக்கிலா, ஜின் மாதிரி மெல்லிய மணங்கள் முதலில் மங்கிவிடும். அவற்றைச் சீக்கிரம் திறப்பதே நல்லது. கால்வடோஸ், காக்னாக், பீட் புகை எல்லாம் காத்திருக்கும்.

கடைசியாக ஒன்று. குடித்து முடித்த கோப்பையை உடனே கழுவாதீர்கள். ஒரு தட்டால் லேசாக மூடி, இரவு முழுக்க அப்படியே வைத்துவிட்டுக் காலையில் முகருங்கள். ஆல்கஹால் போயிருக்கும், இலேசான மணங்களும் போயிருக்கும், கனமானவை மட்டும் கண்ணாடியில் ஒட்டி நிற்கும். லீஸின் அந்த இரண்டு கோப்பைகளை நான் அப்படி வைத்துப் பார்த்தேன். லகவூலின் கோப்பையில் அணைந்த அடுப்பின் சாம்பல் வாசனை இருந்தது. கால்வடோஸ் கோப்பையில் ஆப்பிள் இல்லை, திராட்சை இல்லை. உள்ளே அடியில், காய்ந்து பழுப்பாகப் படிந்திருந்த ஒரு துளியில், தேனும் புதிதாக இழைத்த பலகையும் மணத்தன.